வீட்டிலேயே சோடா செய்யலாம்



பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியில் பயணம் செய்திருக்கிறீர்களா? தருமபுரத்தையும் விசுவமடுவையும் கடந்தால் உடையார்கட்டு வரும். குளத்தை நம்பி வாழும் வயல் ஊர். சோளகக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் பகல் பதினொரு மணிக்கே வீதி வெறிச்சோடிவிடும். கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது சோடாவைத்தான். பெற்றோர் கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. விருந்தாளி வந்துவிட்டால் அரிசி வாங்க வைத்திருந்த பணத்தில் பெரிய போத்தல் ஒன்று வந்துவிடுகிறது. நோன்பு துறக்கும் வேளையிலும் நம் வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

அந்தப் போத்தலில் இருப்பது என்ன? தண்ணீர், சீனி, நிறம், மணம், இவற்றோடு கொஞ்சம் வாயு. முதல் நான்கும் நம் அடுப்படியில் உள்ளவை. நாம் காசு கொடுப்பது ஐந்தாவதற்காக. அந்த வாயுவையும் அடுப்படியிலேயே உண்டாக்க முடியும் என்றால் நம்புவீர்களா? அரபுக் கல்லூரியில் ஓதியவனுக்கு இரசாயனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிடாதீர்கள். க.பொ.த. சாதாரணதர விஞ்ஞானப் புத்தகத்தில் இருப்பதற்கு மேல் இதில் அதிகம் இல்லை.

எந்தச் சோடா?

முதலில் ஒரு எச்சரிக்கை. நம் பேச்சில் 'சோடா' என்ற ஒரே சொல் பல பொருள்களுக்கு வழங்குகிறது. மேலே சொன்ன வீதி தொடங்கும் பரந்தனில் முன்பு அரசாங்கத்தின் இரசாயனத் தொழிற்சாலை இயங்கியது. ஆனையிறவு உப்பைக் கொண்டு அங்கே காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். போர் வந்தபின் அது நின்று போயிற்று. அந்தக் காஸ்டிக் சோடா சவர்க்காரம் செய்வதற்கு உரியது. தோலில் பட்டால் புண்ணாக்கும், வாயில் பட்டால் தொண்டையையே கரித்துவிடும். சலவைச் சோடா என்பது வேறொன்று. அதுவும் குடிக்கத் தகாதது. நமக்கு வேண்டியது அப்பச்சோடா மட்டுமே. சோடியம் பைகாபனேற்று என்று பொதியில் எழுதியிருக்கும். இந்தியாவில் சமையல் சோடா என்பார்கள். எல்லாமே வெள்ளைத் தூள்தான். ஆகவே பெயர் ஒட்டாத பொதியில் கடைக்காரர் சுற்றித் தருவதை வாங்காதீர்கள். வீட்டிலும் அப்பச்சோடா டப்பாவை அடுப்படியிலும் சலவைப் பொருள்களைக் கிணற்றடியிலும் வையுங்கள். ஒன்றை மற்றொன்றின் தட்டில் வைக்கவே வேண்டாம்.

இந்த வாயு என்ன?

இதன் பெயர் காபனீரொட்சைட்டு. நாம் வெளிவிடும் மூச்சில் இருப்பதும் இதுவே. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் ஒரு மதுவடிசாலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். நொதிக்கும் தொட்டிகளின் மேலே தங்கி நின்ற வாயுவில் தண்ணீரைப் பிடித்து, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தார். தண்ணீருக்கு இதமான புளிப்புச் சுவை வந்தது. பின்னர் சுண்ணக்கட்டியில் கந்தக அமிலத்தை ஊற்றி அதே வாயுவை எடுக்கும் வழியைக் கண்டு, 1772இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கப்பலில் செல்வோரைக் கொன்றுவந்த ஸ்கர்வி நோய்க்கு இந்த நீர் மருந்தாகும் என்று அன்று நம்பினார்கள். கப்டன் குக்கின் இரண்டாவது பயணத்துக்கும் இந்தக் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். நோய் தீரவில்லை. அந்த நோய்க்கு மருந்து நம் வேலியோரத்துத் தேசிக்காயைப் போன்ற பழங்களில் இருந்தது. 1783இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் இதை வியாபாரமாக்கி, 1792இல் லண்டனுக்குக் கொண்டு வந்தார்.

நம் பக்கத்தில் எல்லோரையும் கவர்ந்தது கோலிச் சோடா. கழுத்தில் ஒரு கண்ணாடிக் குண்டு உருளும் போத்தல். நம் பிள்ளைகள் போளை அடிக்கும் அதே குண்டு போன்றதுதான். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிராம் கொட் என்பவர் 1870களில் கண்டுபிடித்த போத்தல் அது. போத்தலைத் தலைகீழாக வைத்து வாயுவை ஏற்றுவார்கள். உள்ளே உண்டாகும் அமுக்கமே குண்டைத் தள்ளி, கழுத்தில் உள்ள இறப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். தக்கையும் வேண்டாம், மூடியும் வேண்டாம். உலகின் பெரும்பகுதி அந்தப் போத்தலைக் கைவிட்ட பிறகும் தமிழ்நாட்டில் அது நெடுங்காலம் நிலைத்தது. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் போன்ற உள்ளூர்க் கம்பனிகள் அங்கே இன்றும் வெளிநாட்டுக் கம்பனிகளோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன. உள்ளூரில் செய்ய முடியாத அதிசயப் பொருள் அல்ல சோடா என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வன்னி மக்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1990களில் எரிபொருள், பற்றரி, சீமெந்து என்று எத்தனையோ பொருள்கள் அங்கே போகத் தடை இருந்தது. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரியிட்டு விளக்கெரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். 2009 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் அடங்கியிருந்தது. அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். பானை சட்டியையும் விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சேர்த்த அடுப்படிகள் அவை. அங்கே ஒரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு.

குளிர்தான் இரகசியம்

பலர் வீட்டில் செய்து பார்த்துவிட்டு "நுரையே வரவில்லை" என்று கைவிடுவார்கள். காரணம் தண்ணீரின் சூடு. உறையும் நிலைக்கு அண்மையில் உள்ள ஒரு லீட்டர் தண்ணீர் சாதாரண அமுக்கத்தில் ஏறத்தாழ 3.3 கிராம் வாயுவைத் தன்னுள் ஏற்கும். 30 பாகை செல்சியஸ் சூடுள்ள நீர் ஏற்பதோ 1.3 கிராம் அளவே. வன்னியில் மத்தியான நேரத்துக் கிணற்று நீரில் நீங்கள் என்ன செய்தாலும் வாயு தங்காது. ஆகவே தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் முதல் நாள் இரவே வைத்துவிடுங்கள். பெட்டி இல்லாதவர்கள் ஐஸ் கட்டி வாங்கிப் போத்தலைச் சுற்றி வைக்கலாம். மண்பானைத் தண்ணீர் நாவுக்கு இதமாக இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு அந்தக் குளிர் போதாது.

கடைச் சோடாவில் லீட்டருக்கு 6 முதல் 8 கிராம் வாயு இருக்கும். குளிர் மட்டும் அதைத் தராது, அமுக்கமும் வேண்டும். அதற்குத்தான் மூடிய போத்தல்.

இரண்டு போத்தல் முறை

சோடா வந்த 1.5 லீட்டர் பிளாஸ்டிக் போத்தல்கள் இரண்டை எடுங்கள். சோடாப் போத்தல்தான் வேண்டும், தண்ணீர்ப் போத்தல் கூடாது. சோடாப் போத்தலின் அடி ஐந்து இதழ் விரிந்த பூப்போல இருக்கும், பிளாஸ்டிக்கும் தடிப்பாக இருக்கும். அமுக்கத்தைத் தாங்குவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். கண்ணாடிப் போத்தலை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். வெடித்தால் கண் போய்விடும்.

இரண்டு மூடிகளிலும் ஒரு சிறு துளை இடுங்கள். துளை குழாயை விடச் சற்றுச் சிறிதாக இருக்கட்டும். மீன் தொட்டிக்குக் காற்றுவிடும் மெல்லிய குழாயில் புதிதாக ஒரு முழம் வாங்கி, நுனியைச் சரிவாக வெட்டி, துளையினூடே குறடால் இழுத்தால் இறுக்கமாக நிற்கும். பசை பூச வேண்டாம், அது குடிக்கும் நீரோடு சேரும்.

முதல் போத்தலில் 300 மில்லிலீட்டர் தண்ணீர் விட்டு, 15 கிராம் சித்திரிக் அமிலத்தைக் கரையுங்கள். சித்திரிக் அமிலம் என்பது தேசிக்காய்ப் புளிப்பேதான், பலசரக்குக் கடையில் கிடைக்கும். 20 கிராம் அப்பச்சோடாவை மெல்லிய கடதாசியில் சுருட்டுப் போலச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். தராசு இல்லாவிட்டால் தேக்கரண்டி மட்டத்துக்கு சோடா நான்கு, அமிலம் மூன்று. இந்த 4க்கு 3 என்ற கணக்கு மனதில் இருந்தால் போதும். சித்திரிக் அமிலம் கிடைக்காவிட்டால் 300 மில்லிலீட்டர் வினாகிரியைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றலாம். வேலை நடக்கும், ஆனால் சோடாவில் வினாகிரி மணம் சற்று ஏறும். எனக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டாவது போத்தலில் ஒரு லீட்டர் நன்கு குளிர்ந்த, கொதித்தாறிய நீரை விடுங்கள். போத்தலைக் கையால் நசுக்கி, உள்ளே உள்ள காற்றை வெளியேற்றி, நசுங்கிய நிலையிலேயே மூடியை இறுக்குங்கள். பிறகு கடதாசிச் சுருட்டை முதல் போத்தலில் போட்டு உடனே அதன் மூடியையும் இறுக்குங்கள். கடதாசி நனைந்து பிரிந்ததும் நுரை பொங்கும். முதல் போத்தல் நேராக நிற்கட்டும், அது சரிந்தால் புளிப்பு நீர் குழாய் வழியே வந்துவிடும். நசுங்கியிருந்த இரண்டாவது போத்தல் ஊதிப் பருத்துக் கல்லைப் போல இறுகும். இப்போது அதைப் பிடித்து இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். குலுக்கும்போது வாயு நீருக்குள் இறங்குவதைக் கையே உணரும், போத்தல் மெல்ல இளகும். கால் மணி நேரம் ஐஸில் வைத்து மீண்டும் ஒருமுறை குலுக்கினால் இன்னும் நல்லது. பிறகு முதல் போத்தலின் மூடியை மெதுவாகத் தளர்த்தி வாயுவை விட்டு, இரண்டாவதைத் திறந்து துளையில்லாத மூடியைப் போட்டு மூடுங்கள்.

அளவைக் கூட்ட வேண்டாம். 20 கிராம் சோடாவிலிருந்து வருவது சுமார் 10 கிராம் வாயு. போத்தல்கள் அதைத் தாராளமாகத் தாங்கும். "இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் காரமாக இருக்குமே" என்று இளைஞர்கள் ஆசைப்படுவார்கள். அங்கேதான் விபத்து. வெயிலில் வைத்துச் செய்வதும், பழுதாகிக் கீறல் விழுந்த போத்தலில் செய்வதும் கூடாது. சிறு பிள்ளைகளைத் தனியே செய்ய விடாதீர்கள்.

வருவது கடைச் சோடாவை விடக் கொஞ்சம் மென்மையாக இருக்கும். ஆனால் அது நல்ல சோடா.

ஈஸ்ட் போடலாமா?

இதைக் கேட்கிற சகோதரிகள் பலர். இஞ்சியையும் சீனியையும் தண்ணீரில் போட்டு ஒரு சிட்டிகை ஈஸ்ட் சேர்த்து மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் தானாகவே நுரைக்கும் சோடா கிடைக்கும் என்று சமையல் குறிப்புகள் சொல்கின்றன. சொல்வது உண்மைதான். ஆனால் எப்படி நுரைக்கிறது என்று பாருங்கள். ஈஸ்ட் சீனியைத் தின்று இரண்டு பொருள்களை விடுகிறது. ஒன்று வாயு, மற்றது மதுசாரம். 180 கிராம் குளுக்கோசிலிருந்து 88 கிராம் வாயுவும் 92 கிராம் மதுசாரமும் வரும். அதாவது எடைக்கு எடை சமம். ஒரு லீட்டர் சோடாவுக்கு 6 கிராம் வாயு இந்த வழியில் வந்தால், 6 கிராமுக்குச் சற்று மேல் மதுசாரமும் அதே போத்தலுக்குள் இருக்கிறது. நூறு பங்கில் ஒரு பங்குக்குச் சிறிது குறைவு. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அதுவும் கூடும். அப்பத்திலும் பாணிலும் ஈஸ்ட் போடுகிறோமே என்பார்கள். அங்கே அடுப்பின் சூடு அதைப் பெரும்பாலும் ஓட்டிவிடுகிறது. சோடாவை யாரும் அடுப்பில் வைப்பதில்லை.

நபி (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ தண்ணீரில் ஊறவைத்து 'நபீத்' என்ற இனிப்புப் பானம் செய்வார்கள். காலையில் ஊறவைத்ததை மாலையிலும், மாலையில் ஊறவைத்ததைக் காலையிலும் அருந்துவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பிலிருந்து அறிகிறோம். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பில் மூன்றாம் நாள் மாலை வரை என்று வருகிறது. அதற்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிடச் செய்வார்கள். அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்தபோது சுரைக்குடுக்கை, தார் பூசிய பாத்திரம் போன்ற சில பாத்திரங்களில் ஊறவைப்பதைத் தடுத்ததும், பிறகு பாத்திரம் எதுவானாலும் போதை தருவதைக் குடிக்காதீர்கள் என்று அனுமதித்ததும் ஹதீஸ் கிரந்தங்களில் உண்டு. தோல் பையில் ஊறவைக்க மட்டும் ஏன் முதலிலேயே அனுமதி? பானம் மாறத் தொடங்கினால் தோல் பை ஊதிக் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும், தடித்த பாத்திரம் காட்டாது என்று விரிவுரையாளர்கள் விளக்கம் சொல்கிறார்கள். நமது பிளாஸ்டிக் போத்தல் இறுகுவதைக் கண்டால் எனக்கு அந்த விளக்கம்தான் நினைவுக்கு வரும்.

இவ்வளவு சிறிய அளவு மதுசாரத்தைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அதிகமாகக் குடித்தால் போதை தருவதில் சிறிதளவும் ஆகாது என்ற நபிமொழியின் கருத்தை வைத்துக்கொண்டு, நாள் போகப் போகக் கூடிக்கொண்டே வரும் ஒரு பொருளை நம் பிள்ளைகளின் கையில் கொடுப்பானேன்? அப்பச்சோடாவும் தேசிக்காய்ப் புளிப்பும் அதே வாயுவைத் தருகின்றன, மதுசாரத் துளி ஒன்றுகூட இல்லாமல். வழி இருக்கும்போது சந்தேகத்தை விட்டுவிடுவதே என் கருத்து. போதாததற்கு, ஈஸ்ட் போட்டு மூடி மறந்துபோன கண்ணாடிப் போத்தல்கள் வெடிப்பதும் உண்டு.

உப்புக் கணக்கு

இன்னொரு முறை எல்லோருக்கும் தெரியும். தேசிக்காய்ச் சாற்றில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவைப் போட்டுப் பொங்கப் பொங்கக் குடிப்பது. வயிற்றுப் பொருமலுக்கு நம் பெரியவர்கள் செய்தது. எப்போதாவது ஒருநாள் குடிக்கலாம். தினமும் வேண்டாம் என்பேன், ஏனென்று கணக்கைப் பாருங்கள். அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா ஏறத்தாழ இரண்டரைக் கிராம். அதில் சோடியம் ஏறத்தாழ 0.68 கிராம். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராமுக்குக் குறைவாகவே சோடியம் கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக, ஒரே கிளாசில் நாளின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய்விடுகிறது. நாக்கு புளிப்பை அறிகிறது, உப்பை அறிவதில்லை.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் சிறுநீரக நோயாளர்களுக்கும் இது சிறிய விஷயமல்ல. வவுனியா முதலாக வரண்ட வலயத்தில் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்று அறிவீர்கள். இரண்டு போத்தல் முறையின் பெரிய நன்மை இங்கேதான். உப்பு முழுவதும் முதல் போத்தலிலேயே தங்கிவிடுகிறது, நாம் குடிக்கும் போத்தலுக்கு வருவது வாயு மட்டும். சற்றுக் கூடுதல் வேலை என்றாலும் அதைச் செய்யுங்கள். சிறுநீரக நோயாளர் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையே வைத்தியர் அளந்து கொடுத்திருப்பார், அதில் சோடாவும் அடங்கும்.

வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குச் சோடா வாங்கிக் கொடுக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. இதை விட்டுவிட வேண்டும். அளவு மீறிய சீனி குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். அதற்குரியது ஜீவனிப் பொதி. வியப்பு என்னவென்றால், அந்த மருந்து நீரிலும் முதலில் அப்பச்சோடாவே இருந்தது. 1980களில் அதற்குப் பதிலாக சித்திரேற்று உப்பைச் சேர்த்தார்கள். நம் முதல் போத்தலில் மிஞ்சுவதும் ஒருவகை சித்திரேற்று உப்பு நீரே. அதற்காக அதை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள்! ஜீவனியில் குளுக்கோசும் பொற்றாசியமும் அளந்து சேர்த்திருக்கிறார்கள்.

கருவி வாங்கலாமா?

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் சோடா செய்யும் கருவியை அனுப்புவது இப்போது சில வீடுகளில் நடக்கிறது. அழுத்தினால் சிலிண்டரிலிருந்து வாயு நீரில் இறங்கும். வசதியானதுதான். ஒரு சிலிண்டரில் சுமார் 400 கிராம் வாயு இருக்கும். அது தீர்ந்ததும் எங்கே நிரப்புவது என்பதை முன்பே யோசியுங்கள். தீயணைக்கும் சிலிண்டரிலோ ஒட்டுவேலைக்காரரிடமோ நிரப்பித் தருகிறோம் என்பார் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த வாயு உணவுக்கெனச் சுத்திகரித்ததல்ல. இவற்றில் பேர்போன சோடாஸ்ட்ரீம் இஸ்ரேலியக் கம்பனி. 2015 வரை அதன் பெரிய தொழிற்சாலை ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக் கரையில் மிஷோர் அதுமிமில் இருந்தது. 2018இல் பெப்சி கம்பனி அதை 320 கோடி டொலருக்கு வாங்கியது. வாங்குகிறவர்கள் தெரிந்து வாங்கட்டும். 8 கிராம் குப்பிகளைப் பொருத்தும் உலோகச் சைபன் போத்தல்களும் உண்டு. ஒரு குப்பி ஒரு லீட்டருக்குப் போதும். ஆனால் கேக்குக்குக் கிறீம் அடிக்கும் குப்பியும் பார்வைக்கு இதேபோல இருக்கும். அதில் உள்ளது வேறு வாயு, பெயரைப் படித்து வாங்குங்கள்.

சுவைக்கு

சோடா நீர் கையில் இருந்தால் மற்றது எளிது. 100 கிராம் இஞ்சியை நசுக்கி இரண்டு கோப்பைத் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடித்து, ஒரு கோப்பை சீனி சேர்த்துப் பாகாக்கி ஆறவிடுங்கள். ஒரு கிளாசுக்கு இரண்டு மேசைக்கரண்டி பாகு, அரைத் தேசிக்காய், மேலே சோடா. கடைசியில் ஊற்ற வேண்டியது சோடாவைத்தான். பாகை அதன் மேல் ஊற்றிக் கலக்கினால் நீங்கள் பாடுபட்டு ஏற்றிய வாயு நுரையாகப் போய்விடும். வன்னியின் பற்றைக் காடுகளில் நன்னாரிக் கொடி உண்டு. அதன் வேரை நன்றாகக் கழுவி நசுக்கி ஓரிரவு வெந்நீரில் ஊறவைத்தும் இதேபோல் பாகு செய்யலாம். வேரை அடையாளம் தெரிந்தவரிடமே வாங்குங்கள்.

சீனியின் அளவு உங்கள் கையில் இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய இலாபம். நம் நாட்டில் 2016 முதல் சோடாப் போத்தல்களில் நிற அடையாளம் இடுகிறார்கள். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. வீட்டுக் கிளாசை 200 மில்லிலீட்டர் என்று கொள்ளுங்கள். மட்டமாக ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம். ஒரு கரண்டி போட்டால் பச்சையின் விளிம்பு, ஆறு கரண்டி போட்டால் சிவப்பு. பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள், கூட்டலும் பெருக்கலும் வரும்.

செய்த சோடாவை அன்றே குடித்துவிடுங்கள். மிஞ்சினால் போத்தலை நிறைத்து இறுக மூடிக் குளிரில் வையுங்கள். முதல் போத்தலில் மிஞ்சிய உப்பு நீரைச் செடிகளின் அடியில் ஊற்றாமல், கிணற்றடிக்குத் தள்ளிக் கொட்டிவிட்டு, குழாயை வெந்நீரில் கழுவிக் கொடியில் தொங்கவிடுங்கள்.